அத்தாவின் பிஸ்கட் டப்பா: எது அரியலூர்க் கல், எது நம் கரைச் சிப்பி?

கீழக்கரை மகள்:
என் அத்தா இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். அரியலூருக்கு சிமென்ட் ஏற்றப் போனால், லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சுற்றிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி வடிவக் கற்களைப் பொறுக்கி வருவார். அவர் மறைந்த பிறகு இப்போதுதான் அந்த டப்பாவைத் திறக்க மனம் வந்தது. திறந்தால், மண்டபத்திலும் வாலிநோக்கத்திலும் என் மகள் பொறுக்கிய சிப்பிகளும் உள்ளே கலந்து கிடக்கின்றன. வெயிலில் வெளுத்த கரைச் சிப்பி சில, கல் போலவே இருக்கின்றன.

மூக்கில், அதாவது ஓட்டின் மூட்டுப் பக்கத்துக் கூர்முனையில், துளை இருந்தால் பிராக்கியோபாட் (மட்டி போல இரண்டு ஓடுள்ள, ஆனால் வேறு இனக் கடலுயிர்) என்று எங்கோ படித்திருந்தேன். அப்படிப் பார்த்தால் பதினொன்று தேறுகிறது. ஆனால் அவற்றில் நான்கு, மாலை கோக்கத் தான் எடுத்து வைத்தவை என்று மகள் உறுதியாகச் சொல்கிறாள்.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கொட்டைப்பாக்கு அளவு. இரண்டு ஓடும் இறுக மூடியிருக்கின்றன. பெரிய ஓட்டின் மூக்கு சின்ன ஓட்டின்மேல் கவிந்து வளைந்திருக்கிறது. அதன் நுனியில் கடுகு அளவு துளை. அழுக்குப் போகப் புளித்தண்ணீரில் ஊறவைக்கலாமா? பாம்பன் பாறையிலும் இது கிடைக்குமா?

தொண்டிக்காரன்:
பாம்பன் பாலத்துக்குக் கீழே சிப்பி பதிந்த பாறையை நானே பார்த்திருக்கிறேன் அக்கா. அதுவும் இதுவாகத்தான் இருக்கும். இறக்கம் பார்த்துப் போனால் உளியால் எடுத்துவிடலாம்.

சுண்ணாம்புக்கல்:
முதலில் புளியைக் கீழே வையுங்கள் அம்மா. உங்கள் கையில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்பு. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதைக் கரைக்கும். ஓட்டின்மேல் வளையல் அடுக்கியது போல் ஓடும் வளர்ச்சிக் கோடுகள்தான் முதலில் போகும். வெறும் தண்ணீர், பழைய பல்துலக்கி, இடுக்குக்கு ஒரு ஊசி போதும்.

துளையை மட்டும் நம்பாதீர்கள். கடலில் ஒருவகை நத்தை, மட்டியின் ஓட்டைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். அந்தத் துளை புனல் போல வெளியே அகன்று உள்ளே குறுகும். பெரும்பாலும் மூக்குக்குச் சற்றுக் கீழே இருக்கும். பிராக்கியோபாடின் துளை மூக்கின் நுனியிலேயே இருக்கும். அதன் வழியாக ஒரு காம்பை நீட்டித்தான் அந்த உயிர் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது.

இன்னும் நல்ல சோதனை இது. மூக்கிலிருந்து எதிர் விளிம்பின் நடுவுக்கு மனத்தால் ஒரு கோடு போடுங்கள். இடமும் வலமும் ஒத்திருந்து, இரண்டு ஓடுகள் மட்டும் அளவில் வேறுபட்டால் பிராக்கியோபாட். மட்டிக்குப் பெரும்பாலும் நேர்மாறு: இரண்டு ஓடும் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும், ஒற்றை ஓடு கோணலாக இருக்கும்.

இறுக மூடியிருப்பதாக எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மட்டி செத்தால் மூட்டில் உள்ள நார் வில் போல் விரிந்து ஓட்டைத் திறந்துவிடும். கரையில் ஒற்றை ஒற்றையாகக் கிடப்பது அதனால்தான். பிராக்கியோபாட் திறப்பதற்கே தசை வேண்டும். செத்தால் மூடியபடியே புதைந்துபோகும்.

தொண்டித் தம்பிக்கு: இராமேசுவரம், பாம்பன் கரையில் உயர்ந்து நிற்கும் முருகைக்கல் (பவளப்பாறை) திட்டுகளுக்கு ரேடியோகார்பன் கணிப்பில் வந்த வயது சுமார் 4,000 ஆண்டுகள். அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லோ ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழையது. நம் பாறையில் பதிந்திருப்பது இன்றைய கடலின் சிப்பியும் பவளமும். உளியை எடுக்கவே வேண்டாம். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, உடைப்பது குற்றம்.

ஒன்று கேட்கிறேன் அம்மா. எந்த ஊரில் எடுத்தது என்று அத்தா எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா? அரியலூர்ப் பாறையில் அடுக்குக்கு அடுக்கு வயது வேறு. 1870-களில் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டோலிச்கா இந்தப் பக்கத்துப் பிராக்கியோபாடுகளை விவரித்தபோதும் அடுக்கைச் சேர்த்தே எழுதினார். டப்பாவில் கிழிந்த தாள் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

தொண்டிக்காரன்:
அறியாமல் எழுதிவிட்டேன் ஐயா. உளியைத் தொட மாட்டேன்.

கீழக்கரை மகள்:
ஐயா, மகளின் நான்கையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான்கிலும் புனல் துளை! மீதி ஏழும் கோட்டுச் சோதனையில் சரியாக வந்தன. துளை இல்லை என்று ஒதுக்கிய ஒன்றைத் துலக்கியபோது, மூக்கில் அடைத்திருந்த மண் உதிர்ந்து துளை தெரிந்தது. ஆக மொத்தம் எட்டு.

தாளும் இருக்கிறது. மூன்றை அத்தா ஒரு லோடு சீட்டில் மடித்து வைத்திருந்தார். பின்பக்கம் பென்சிலால் "கல்லங்குறிச்சி" என்று எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்தேதான், "றி"யின் சுழி மேலே ஏறி நிற்கிறது. அந்த மூன்றையும் சீட்டோடு தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன். மற்ற ஐந்துக்கு "அரியலூர்ப் பக்கம், ஊர் தெரியாது" என்று எழுதி வைத்தால் சரியா?

சுண்ணாம்புக்கல்:
மிகச் சரி. அதற்குமேல் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.