இரண்டு வயது மகளின் மெடிக்கெய்ட் நின்றுவிட்டது: 12 மாத விதி இருந்தும் ஏன்?

மூங்கில் கேட்டது:

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம்; மாநிலத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. மகளுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பிறந்த நாளிலிருந்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில்தான் இருந்தாள். சென்ற வாரம் இருமல் முற்றி, மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை வாங்க மருந்தகத்துக்குச் சென்றேன். கவுண்டரில் இருந்தவர் எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, பிறந்தநாள் வந்த மாதத்தோடு காப்பீடு முடிந்துவிட்டதாகத் திரையில் வருகிறது என்றார். குழந்தை தோளில் இருமிக்கொண்டிருந்ததால் வாதாட மனமில்லாமல் முழு விலையையும் கொடுத்து வாங்கி வந்தேன்.

குழந்தைகளை 12 மாதம் தொடர்ந்து காப்பீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்திருக்கிறேன். டிசம்பரில் என் கணவருக்குக் கூடுதல் நேர வேலையால் சம்பளம் சற்று அதிகமாக வந்தது. அதனால் நிறுத்தினார்களா? நடுவில் வீடு மாறினோம். கடிதம் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. திரும்பச் சேர்க்க முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா? சில மாநிலங்களில் ஆறு வயது வரை இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

படிவக்காரன் எழுதியது:

அம்மா, சமூக மருத்துவ நிலையம் ஒன்றில் இந்தப் படிவங்களை நிரப்பித் தருவதே பல ஆண்டுகளாக என் வேலை. நீங்கள் படித்த விதி உண்மையானது. 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, 2024 ஜனவரி 1 முதல், 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மெடிக்கெய்டிலும், சிப் எனப்படும் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்திலும் 12 மாதம் தொடர்ந்து வைத்திருப்பது எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம். அந்த 12 மாதத்துக்குள் வருமானம் ஏறினாலும் பிள்ளையை நீக்க முடியாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வது, 19 வயதை எட்டுவது, பெற்றோரே நிறுத்தச் சொல்வது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் கணவரின் டிசம்பர் சம்பளத்துக்காக நடுவில் நிறுத்தியிருக்க வழியில்லை.

ஆனால் அந்த விதி காப்பது இரண்டு புதுப்பித்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தைத்தான். புதுப்பித்தல் நாளன்று அது துணைக்கு வராது. முதல் ஆண்டு நீங்கள் எதையும் உணர்ந்திருக்க மாட்டீர்கள், ஏனெனில் மெடிக்கெய்டில் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரை தானாகவே தகுதி உண்டு. அதன்பின் ஆண்டுதோறும் மாநிலம் தகுதியைச் சரிபார்க்கும். சம்பளப் பதிவு, உணவு உதவித் திட்டப் பதிவு என்று தன் கையில் உள்ள தரவுகளை முதலில் பார்த்து, அவை போதுமென்றால் உங்களைக் கேட்காமலே புதுப்பிக்க வேண்டும். போதாதென்றால்தான் படிவம் அனுப்ப வேண்டும். சென்ற ஆண்டு அப்படித்தான் ஓசையின்றி முடிந்திருக்கும். இந்த ஆண்டு படிவம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அரசு உறைகள் பெரும்பாலும் புது முகவரிக்குத் திருப்பி விடப்படுவதில்லை. அனுப்பிய அலுவலகத்துக்கே போய்விடும்.

இணையக் கணக்கிற்குள் சென்று நிறுத்தல் கடிதத்தைத் தேடி, காரணம் சொல்லும் வரியைப் படியுங்கள். வருமானம் அதிகம் என்றிருந்தால் கதை வேறு. அப்போதும் சிப் திட்டத்தின் வருமான வரம்பு மெடிக்கெய்டைவிட உயர்ந்தது என்பதால் அங்கே இடம் இருக்கலாம். கேட்ட தகவல் வரவில்லை என்றிருந்தால், நிறுத்திய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அதே புதுப்பித்தல் படிவத்தைக் கொடுத்தால் போதும், புது விண்ணப்பம் தேவையில்லை. உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மருந்தக ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் தகுதி இருந்திருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் 3 மாதம் வரை பின்னோக்கி மருத்துவச் செலவை மெடிக்கெய்ட் ஏற்றுக்கொள்ளும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதை 2027 ஜனவரி முதல் குறைக்கிறது.

இன்னொன்று. பெற்றோருக்குத் தகுதி இல்லை என்று கடிதம் வந்தால் பிள்ளைக்கும் இல்லை என்று எண்ணிப் பலர் படிவத்தை ஓரம் கட்டிவிடுகிறார்கள். வரம்புகள் வேறு வேறு. மாநிலக் கணினிகளே இந்தத் தவறைச் செய்தன: குடும்பத்தில் ஒருவருக்குத் தரவு போதவில்லை என்றால், தகுதியுள்ள குழந்தையையும் சேர்த்து நீக்கின. 2023-இல் மத்திய அரசு இதைக் கண்டுபிடித்த பிறகு, ஏறத்தாழ 5 லட்சம் பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வெள்ளைத்தொப்பி எழுதியது:

குழந்தை மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். படிவத்தைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் நாட்காட்டியைப் பற்றிச் சொல்கிறேன். 12, 15, 18, 24, 30 மாதங்கள் என்று இந்த வயதில் பரிசோதனைகள் நெருக்கமாக வருகின்றன. மெடிக்கெய்டில் உள்ள குழந்தைகளுக்கு 12 மாதத்திலும் 24 மாதத்திலும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்ப்பது கட்டாயம். 18, 24 மாதங்களில் ஆட்டிசம் குறித்த கேள்வித்தாள், 30 மாதத்தில் வளர்ச்சி மதிப்பீடு. உங்கள் மகளின் காப்பீடு நின்றது சரியாக 24 மாதப் பரிசோதனையின் நேரத்தில். காலையில் வருகைப் பட்டியலைத் திறந்ததும் சில பெயர்களுக்கு எதிரே காப்பீடு செல்லாது என்ற குறி நிற்கும். தொலைபேசியில் அழைத்துச் சொன்னால், பல தாய்மார்கள் "சரியானதும் வருகிறோம்" என்று தேதியைத் தள்ளிப்போடுவார்கள். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு அந்தச் சில மாதங்கள் சிறியவை அல்ல. மகளுக்கு அந்த ஈயப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மாற்றுக் கருத்தாக ஒன்று. ஆறு வயது வரை யாரையும் விசாரிக்காமல் வைத்திருந்தால், இரண்டாம் ஆண்டிலேயே நல்ல சம்பளத்துக்குப் போய்விட்ட குடும்பத்துக்கும் வரிப்பணம் போகிறதே. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படிவம் கேட்பது அவ்வளவு பெரிய கொடுமையா?

படிவக்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்ற கொரோனாக் காலத் தடை நீங்கி 2023 ஏப்ரலில் நீக்கங்கள் மீண்டும் தொடங்கியபோது, 2.5 கோடிக்கும் அதிகமானோர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் வெளியேறியது, படிவம் வரவில்லை, பதில் வரவில்லை என்ற நடைமுறைக் காரணங்களால். தகுதி இல்லை என்று யாரும் சரிபார்த்ததால் அல்ல. நீக்கிய குழந்தையைச் சில மாதங்களில் திரும்பச் சேர்க்கும் வேலைக்கும் அதே வரிப்பணம்தான் செலவாகிறது. வருமானம் உயர்ந்தவரைப் பிடிக்க வீசும் வலையில் முகவரி மாறியவரே அதிகம் சிக்குகிறார் என்பது என் மேசையில் நான் காண்பது.

மூங்கில் கேட்ட ஆறு வயது விதி உண்மையே. 2022 செப்டம்பரில் ஆரெகன் மாநிலம்தான் முதலில் மத்திய அரசின் அனுமதி பெற்றது. வாஷிங்டன், நியூ மெக்சிகோ போன்றவை பின்தொடர்ந்தன. ஆனால் இது சட்டத்தால் எல்லோருக்கும் வந்த உரிமை அன்று, மாநிலம் கேட்டுப் பெறும் தற்காலிக விலக்கு. 2025 ஜூலையில் மத்திய அரசு, இத்தகைய பல்லாண்டு விலக்குகளுக்குப் புதிதாக அனுமதியோ நீட்டிப்போ தரும் எண்ணம் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் மாநிலத்தில் அது இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்; ஆண்டுதோறும் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள்.

மூங்கில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கிற்குள் சென்று பார்த்தேன். கடிதம் அங்கேயே இருந்தது; காரணம், கேட்ட தகவல் வந்து சேரவில்லை என்பதுதான். முகவரி இன்னும் பழைய வீடு. அதை மாற்றிவிட்டு, கணவரின் கடைசி நான்கு சம்பளச் சீட்டுகளுடன் படிவத்தை நேற்றிரவு அனுப்பினேன். மருத்துவமனையை அழைத்தபோது ஈயப் பரிசோதனை நடக்கவில்லை என்பது உறுதியானது. இந்த முறை தள்ளிப்போடவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.