"எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது": வீட்டுப் பெரியவர்களின் பார்வை பற்றிச் சில அனுபவங்கள்

மகள்

அப்பா செய்தித்தாள் படிப்பதை விட்டபோது, "எல்லாம் ஒரே மாதிரி செய்தி, என்னத்தைப் படிக்கிறது" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு வெளியே வர மறுத்தார். சரி, வயசாகிவிட்டது, அலுப்பாக இருக்கும். அப்புறம் கூட்டத்தில் நடந்தால் பக்கவாட்டில் வருகிறவர்கள் மேல் மோதிக்கொள்ள ஆரம்பித்தார். "பார்த்து வரக்கூடாதா?" என்று எதிராளியைத்தான் திட்டுவார். அப்பாவுக்குக் கோபம் கூடிவிட்டது, யாரையும் பிடிக்கவில்லை என்று அண்ணன் ஒரு முடிவுக்கே வந்துவிட்டான். மருந்து அட்டையில் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் அப்பா சரளமாகப் படித்துக் காட்டுவார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் குறை என்று யாருக்குத் தோன்றும்?

கண்ணாடிச் சட்டம் உடைந்து புதிது போடப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டார். ஆனால் மருத்துவர் கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பைப் பார்த்துவிட்டு, ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஒரு கண்ணை மறைத்து, கருவியில் தாடையை வைத்துக்கொண்டு, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா வெகு நேரம் அழுத்தவே இல்லை. "மிஷின் ஓடுதாம்மா?" என்று கேட்டார். "ஓடுதுங்க ஐயா" என்றது சோதனை எடுத்த பெண். அச்சாகி வந்த தாளில் மேல்பாதி முக்கால்வாசி கறுப்பு. கறுப்பு என்றால் அப்பாவுக்கு வெளிச்சம் தெரியாத இடம்.

கிளாக்கோமா. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நலியும்போது, பார்வை பெரும்பாலும் ஓரங்களில் இருந்து குறையும். குறைந்த இடம் கறுப்பாகவும் தெரியாது. சுற்றி இருப்பதை வைத்து மூளை அதை ஒப்பேற்றிவிடுமாம். அப்பாவால் தனிச்சொல்லைப் படிக்க முடிந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போகும்போது இடம் தொலைந்துபோகும். செய்தித்தாள் அலுத்துப்போன கதை அதுதான்.

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. இதை அப்பாவுக்குப் புரிய வைப்பதுதான் பெரும்பாடு. "இத்தனை நாள் போட்டும் கூடுதலா ஒண்ணும் தெரியலையே, எதுக்கு?" என்பார். பார்வை கூடப்போவதில்லை, குறையாமல் இருந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிச் சொல்லிப் போட வைக்கிறோம்.

கண் பரிசோதகர்

உங்கள் அப்பா கடைசி வரி வரை படித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த எழுத்துப் பலகை 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் கொண்டுவந்தது. வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரிய எழுத்து, நேர் எதிரே. வீட்டில் எந்தப் பொருளாவது அப்படி நமக்கு முன்னால் வந்து நிற்கிறதா? சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி இருக்கும். வெள்ளைத் தொட்டிக்குள் வெள்ளைக் கோப்பை கிடக்கும். இப்படி ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பவற்றைப் பிரித்தறியும் திறன் குறைந்தவர்கள் பலகையை ஒப்பித்துவிட்டு, வாசலில் படி தெரியாமல் தடுமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வெளிச்சமும் அப்படித்தான். வயதாக ஆகக் கண்மணி சிறுக்கும், லென்ஸ் மஞ்சளாகும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பிள்ளைகளுக்குப் போதுமான விளக்கு பெற்றோருக்கு இருட்டு.

இன்னொரு வேடிக்கை. "கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன், பழைய பார்வை திரும்பிடுச்சு" என்று பூரிப்போடு வருவார்கள். பெரும்பாலும் கண்புரைதான். லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகிக் கிட்டப்பார்வையைக் கொடுத்திருக்கும். புரை முற்றினால் அந்தச் சலுகையும் போய்விடும். அந்தச் சந்தோஷத்தில் கைவைப்பதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி.

"கண் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு" என்று பதில் வரும். எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டார்கள் என்று பாருங்கள். ஊசியில் நூல் கோர்ப்பது, கணக்கு எழுதுவது, சாயங்கால நடை. ஒவ்வொன்றுக்கும் கண்ணோடு சம்பந்தமில்லாத ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

எழுபதைத் தாண்டியவன்

மேலே இரண்டு பேரும் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எங்கள் தரப்பையும் கேளுங்கள். குளிக்கும்போது இடது கண்ணில் சோப்பு பட்டது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் துண்டைத் தேடினால் கதவு நிலை நடுவில் நெளிந்து தெரிகிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் காது இருக்கிறது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் திட்டு. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் சரி! ஒரு கண் மற்றதன் குறையை எத்தனை காலம் மூடி மறைத்ததோ தெரியாது.

விழித்திரையின் மையப்பகுதியில் வயதினால் வரும் கோளாறு, அதில் ரத்தக்குழாய் கசியும் வகை என்றார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. மரத்துப்போகச் சொட்டு விட்டுவிடுகிறார்கள், லேசாக அழுத்துவது தெரியும், நினைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். தள்ளிப்போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்: பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. இப்போது கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். கோடு வளைந்தால் உடனே போக வேண்டும்.

ஒரு குறை மட்டும் உண்டு. விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். கெட்டது கண், காது இல்லை.

மருமகள்

எங்கள் மாமியாருக்கு ஞாபகமறதி நோய் என்றே முடிவாகிவிட்டது. எதிரே போய் நின்றாலும் குரல் கொடுத்தால்தான் அடையாளம் தெரியும். சுவரில் பூப்போட்ட துணி தொங்குகிறது என்பார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அலமாரிப் பக்கம் குட்டிக் குட்டியா மனுஷங்க நிக்கிறாங்க. நிஜமில்லேன்னு எனக்கே தெரியுதும்மா, உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே" என்றார். அந்த "எனக்கே தெரியுது" என்பதை மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். அவர் முதலில் கண்ணைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

பார்வை மங்கினவர்களுக்கு மூளை தானாகவே படம் காட்டுமாம். 1760-இல் சார்லஸ் பொன்னே என்ற சுவிஸ் அறிஞர், புத்தி தெளிவாக இருந்த தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரில்தான் இந்த நிலையை அழைக்கிறார்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. நினைவாற்றல் சோதனையிலும் படித்துக் காட்டு, படத்தைப் பார்த்து வரை என்று பாதி வேலை கண்ணுக்குத்தான். தெரியாமல் திணறினால் மதிப்பெண் குறையாதா? அறுவைக்குப் பிறகு துணியும் போயிற்று, குட்டி மனிதர்களும் போனார்கள். மறதி கொஞ்சம் இருக்கிறது, அது வேறு.

கண் பரிசோதகர்

மருமகள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் சேர்த்தது. பார்வை போனால் பேச்சுத்துணையும் நடமாட்டமும் குறைகின்றன, அதனால் எனக்கு அதில் வியப்பில்லை.

படியில் தடுமாறுகிறவர்கள் பைஃபோக்கல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அதன் வழியே காலடி மங்கலாகத்தான் தெரியும். நடக்கத் தனியாகத் தூரக்கண்ணாடி கேட்டு வாங்கலாம். படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். சர்க்கரை இருந்தால் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். திடீரென்று திரை இறங்குவது போல மறைத்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியவருக்கு: கிளாக்கோமா ரத்த உறவில் வரும். நாற்பதைத் தாண்டியிருந்தால் நீங்களும் அண்ணனும் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மட்டும் பார்த்தால் போதாது, அது சரியாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு.