ஜெனரேட்டருக்குப் பெட்டி அடித்தேன், இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அவசரம்

டிபன்வண்டி (காலை 10:12)
ராத்திரி டிபன் வண்டி போடுகிறேன். ஜெனரேட்டர் சத்தம் தாங்கவில்லை என்று மாடி வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார். அதனால் பிளைவுட்டில் பெட்டி அடித்து, உள்ளே சுற்றிலும் மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டி மூடினேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் இருபது நிமிடம் ஓடியதும் திணறித் திணறி நிற்கிறது. உடனே கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை, அரை மணி நேரம் விட்டால்தான் ஆகிறது. இன்று 6 மணிக்குக் கடை திறக்க வேண்டும். என்ன செய்யலாம்?

கரூர்க்காரன் (10:20)
ஜெனரேட்டரின் திறன் எத்தனை கேவிஏ? பெட்ரோலா, டீசலா? என்னென்ன ஓடுகிறது? பெட்டியின் அளவு? காற்றுக்கு ஓட்டை வைத்தீர்களா? இது எதுவுமே தெரியாமல் எப்படிச் சொல்வது?

பழனிமலை (10:26)
பெட்ரோல்தான் பிரச்சினை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய கார்பரேட்டருக்கு அது ஒத்துவராது. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைக் கழற்றிப் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, புதிதாக ஊற்றிப் பாருங்கள். என் தண்ணீர் மோட்டாருக்கு இதே கதைதான்.

கரூர்க்காரன் (10:31)
பழனிமலை, பெட்டி போடும் முன் நன்றாகத்தானே ஓடியிருக்கிறது? அதே பெட்ரோல்தானே?

வோல்ட்மீட்டர் (10:40)
மாதம் ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கலாம். காற்றால் குளிரும் இன்ஜின் இது. ரேடியேட்டர் கிடையாது, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகளில் காற்று படுவதால்தான் அது உயிரோடு இருக்கிறது. அதற்குப் போர்வை போர்த்திவிட்டு ஏன் நிற்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று சொல்லுங்கள், கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

டிபன்வண்டி (11:05)
மன்னிக்கவும், கடை வேலை. 2.5 கேவிஏ, பெட்ரோல். மணிக்கு ஒரு லிட்டர் ஆகும். நாலு பல்பு, மிக்ஸி, சின்ன ஃப்ரீசர் ஒன்று. பெட்டி 3 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். பின்பக்கம் உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று, சைலன்சர் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. பெட்டி வேனின் பின்கதவை ஒட்டி நிற்கிறது, போட்டோ போட்டிருக்கிறேன். தம்பி வேனுக்குள் நின்று தோசை ஊற்றுவான். நேற்று அவனுக்கு வேறு தலைவலி, குமட்டல் என்று பாதியில் படுத்துவிட்டான். இன்று தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

வோல்ட்மீட்டர் (11:14)
ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட் ஆற்றல். உங்கள் விளக்கும் ஃப்ரீசரும் எடுப்பது ஒன்று, ஒன்றரை யூனிட். மீதி ஏழுக்கு மேல் சூடு. அதில் பாதி சைலன்சர் வழியே போகிறது என்று வைத்தாலும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றையோ நான்கையோ உள்ளே போட்டு மூடிவிட்ட மாதிரி. இதில் சைலன்சர் விட்ட புகையையே ஏர் ஃபில்டர் திரும்ப உறிஞ்சுகிறது. அதனால்தான் திணறல். இதற்குக் கார்பரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

பழனிமலை (11:19)
நான் வீண் வேலை சொல்லவில்லை. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்ளும். அதுவும் பெட்ரோல் சம்பந்தப்பட்டதுதான்.

மல்லிகா_செவிலியர் (11:22)
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். டிபன்வண்டி தம்பி, அந்தத் தலைவலியைச் சாதாரணமாக விடாதீர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு என்றுதான் ஆரம்பிக்கும். ஆள் படுத்துத் தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பாதீர்கள், ரத்தத்தில் இந்த வாயு ஏறியிருந்தாலும் அது 98 என்று காட்டும். உங்கள் தம்பியை இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், ஜெனரேட்டர் புகை உள்ளே வந்தது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள்.

கரூர்க்காரன் (11:25)
அக்கா சொல்வதுதான் முதல் வேலை. கடை ஒரு நாள் போனால் போகட்டும்.

ஸ்டூடியோ_ரவி (11:41)
சத்தத்துக்கு வழி சொல்கிறேன். முட்டை அட்டை வாங்கி உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் ஊர் ரெக்கார்டிங் அறை முழுக்க அதுதான். செலவே இல்லை.

வோல்ட்மீட்டர் (11:48)
முட்டை அட்டை வெறும் காகிதக்கூழ். அறைக்குள் வரும் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவதைத் தடுக்க எடை வேண்டும். இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று, ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 25 முறை வெடிக்கிறது. அந்த அடிச்சத்தத்தைக் காகிதம் நிறுத்தாது.

ஸ்டூடியோ_ரவி (11:53)
பத்து வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். பக்கத்து வீட்டில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

வோல்ட்மீட்டர் (11:55)
உங்கள் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். சத்தத்தைத் தடுப்பது அது.

ஸ்டூடியோ_ரவி (11:58)
என் சுவரைப் பார்த்தது போலப் பேச வேண்டாம்.

பட்டறை_சேகர் (12:10)
அட்டைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நான் கோவையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைலன்சருக்கு எதிரே ஸ்பாஞ்சின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் தீப்பிடித்திருக்கும், தலைக்கு மேலே பெட்ரோல் டேங்க் வேறு. முதலில் ஸ்பாஞ்ச் முழுவதையும் பிய்த்து எறியுங்கள்.

இன்றைக்குப் பெட்டியே வேண்டாம். நீள ஒயர் போட்டு ஜெனரேட்டரைத் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். எந்த வீட்டின் கதவு, ஜன்னலுக்கும் 20 அடிக்குள் வரக்கூடாது, புகை வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும். அடியில் கெட்டி ரப்பர் போடுங்கள், அதிர்வு தரை வழியாகவும் போகிறது. மாடி வீட்டுப் பக்கம் மட்டும் சிமென்ட் போர்டை மறைப்பாக நிறுத்தி, பட்டறைக்காரர்கள் போடும் ராக்வூலை (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) அதன் உள்பக்கம் கம்பிவலை வைத்துக் கட்டுங்கள். அது தீப்பிடிக்காது. மேலே திறந்தே இருக்கட்டும்.

பிறகு பெட்டி வேண்டுமென்றால், காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி, இரண்டும் நேராக இல்லாமல் உள்ளே இரண்டு முறை வளைந்து வர வேண்டும். வளைவில் காற்று போகும், சத்தம் முட்டி நிற்கும். சூட்டை இழுக்க 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். சைலன்சர் புகையை இரும்புக் குழாயில் பெட்டிக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும், குழாய் மரத்தைத் தொடவே கூடாது, சைலன்சர் வாயைவிடக் குறுகலாகவும் இருக்கக் கூடாது. இந்த வேலையை மாலை 6 மணிக்குள் முடிக்க முடியாது.

கரூர்க்காரன் (12:24)
மாடி வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45தான் வரம்பு, 2000-ஆம் ஆண்டு விதி. பணம் சேர்ந்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டருக்கு மாறுங்கள். லோடு குறைந்தால் அதன் இன்ஜினும் மெதுவாகும். உங்களுடையது ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் 3000 சுற்றில்தான் ஓடியாக வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் நம் சாமான்களுக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வராது.

பழனிமலை (12:50)
எதற்கும் அந்தக் கிண்ணத்தை ஒருமுறை வடித்துப் பாருங்கள்.

மல்லிகா_செவிலியர் (மாலை 4:15)
உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்? ஒரு வரி போடுங்கள்.

டிபன்வண்டி (மறுநாள் பகல் 1:30)
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடுதான் அக்கா. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள், இப்போது எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறான். பெட்டியை உடைத்துவிட்டேன். ஜெனரேட்டரைக் காலி மனைக்குள் 60 அடி தள்ளி வைக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பட்டறை_சேகர் (1:42)
நல்லது. 60 அடிக்கு என்ன ஒயர் போடுகிறீர்கள்? 2.5 சதுர எம்எம் செம்புக்குக் குறையக் கூடாது, இணைப்பு மழையில் நனையக் கூடாது. ஒயரை போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பட்டறை_சேகர் (இரண்டு நாள் கழித்து)
தம்பி, ஒயர்?