பண்ணை வேலைக்கும் டிரெய்லர் இழுக்கவும் பழைய ஃபோர் வீல் பிக்கப்: மூன்றில் எதை எடுக்கலாம்?

மேட்டுநிலம்:

எல்லோருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும்) பிக்கப் எடுக்க வேண்டும். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றுமே கைக்கு எட்டும் விலையில் இருப்பதால்தான் குழப்பம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நிலம் சரிவு, மண் களிமண். மழை பெய்தால் டிராக்டரைத் தவிர எதுவும் மேலே ஏறாது. மேல் பட்டியில் இருக்கும் ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக, ஆயிரம் லிட்டர் தொட்டி ஏற்றிய ஒற்றை அச்சு டிரெய்லர் இருக்கிறது. வெறும் டிரெய்லர் 350 கிலோ, பிரேக் கிடையாது. இது போக தீவனம், எரு, வேலிக் கம்பம் எல்லாம் பின்பெட்டியில் போகும். அவ்வப்போது ஆடுகளை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் நீண்ட தூரமும் போக வேண்டும்.

வண்டி 1: டபுள் கேபின், 3 லிட்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. அடிப்பக்கம்கூடக் கறுப்பு பெயிண்ட் பளபளக்கிறது.

வண்டி 2: டபுள் கேபின், 2.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல். மீட்டரில் 1,40,000 கி.மீ. மூன்றில் இதுதான் ஓட்டம் குறைவு. முன் டயர் இரண்டும் புதிது, பின் டயர் இரண்டும் முன் டயரிலிருந்து வேறு அளவு.

வண்டி 3: சிங்கிள் கேபின், 3 லிட்டர் டர்போ டீசல், மேனுவல், 2,60,000 கி.மீ. பெட்டி நசுங்கி, பெயிண்ட் வெளுத்து, பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஆனால் ஒரே ஓனர். சர்வீஸ் பில் எல்லாவற்றையும் கோர்த்து வைத்திருக்கிறார்.

கம்பெனி பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க எந்தக் கம்பெனி உசத்தி என்பதிலேயே போய்விடும். என் மனசு வண்டி 1 பக்கம் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஸ்பேனர்:

தம்பி, அந்தப் பளபளக்கிற கறுப்பு பெயிண்ட்தான் எனக்கு உறுத்துது. பழைய வண்டியோட அடிப்பக்கம்னா மண்ணும் கல்லடியுமாத்தான் இருக்கணும். விக்கிற நேரத்துல அங்கே பெயிண்ட் அடிக்கிறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்.

இன்ஜின் போனா வேற இன்ஜின் கிடைக்கும், கியர் பாக்ஸ் போனாலும் கிடைக்கும். சேஸ், அதாவது வண்டியைத் தாங்குற அடிச்சட்டம், துருவுல அரிச்சுப்போச்சுன்னா வண்டியே முடிஞ்சுது. அதுலயும் டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு அத்தனை இழுவிசையும் சேஸோட பின்பாதியிலதான் விழும். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துட்டுப் போங்க. பின் ஆக்சிலுக்கு மேல சேஸ் வளையிற இடம், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிற ஹேங்கர், கேபினுக்குப் பின்னால வர்ற குறுக்குச் சட்டம், டிரெய்லரை மாட்டுற ஹிட்சோட போல்ட் இறங்குற இடம், இங்கெல்லாம் தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும். உள்ளே அரிச்சிருந்தா சத்தம் மந்தமா வரும், பெயிண்ட் பொரிப்பொரியா உதிரும். பெட்டி மாதிரி உள்ளே காலியா இருக்கிற சேஸ் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும், ஏன்னா சேறு உள்ளே போய்த் தங்கிடும். அதனால சேஸ் பக்கவாட்டுல இருக்கிற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்காம திரும்பாதீங்க.

மேலே லேசாப் பழுப்பா துரு படிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம். தகடு தகடா உரிஞ்சா வேண்டவே வேண்டாம். ஒட்டுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருந்தாலும் அப்படியே விட்டுட்டு வந்துடுங்க.

இன்ஜினைக் காலையில ஆறிப்போய் இருக்கிறப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. "பத்து மணிக்கு வாங்க, ரெடியா வச்சிருக்கேன்"னு ஓனர் சொன்னா, ஒன்பது மணிக்கே போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. ஓடிட்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தா லேசா ஆவி வர்றது சகஜம். மூடியையே தள்ளுற அளவுக்குப் புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா இன்ஜினோட மேல்பாகமான சிலிண்டர் ஹெட் பக்கம் சந்தேகப்படணும்.

வரப்பு:

குறுக்கே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஃபோர் வீல் அவசியம்தானா? மேலே ஏற டிராக்டர் இருக்கிறதே. தண்ணீரை அதில் ஏற்றிவிட்டு, ரோட்டு வேலைக்கு நல்ல டூ வீல் டிரைவ் பிக்கப் எடுத்தால், அதே பணத்துக்கு நாலைந்து வருஷம் புதிய வண்டியே கிடைக்கும். முன் ஆக்சில், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ், கூடுதல் ஷாஃப்ட் எல்லாமே ஒருநாள் செலவு வைக்கும் பாகங்கள். டீசலும் கூடத்தான் குடிக்கும்.

மேட்டுநிலம்:

தப்பே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். டிராக்டர் அண்ணனுக்கும் எனக்கும் பொது. உழவு நேரத்தில் எனக்குக் கிடைக்காது. ஆனால் ஆடுகளுக்கு அன்றைக்கும் தண்ணீர் வேண்டும். ஃபோர் வீல் இல்லாமல் ஆகாது.

எடைக்கல்:

அப்படியானால் முதலில் எடைக் கணக்கைப் போட்டுவிடுவோம். வண்டியைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கணக்குதான்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. டிரெய்லரோடு சேர்த்து 1,350. டிரெய்லர் ஆடாமல் நேராக வர வேண்டுமென்றால் அதன் மொத்த எடையில் சுமார் 10 சதவீதமாவது ஹிட்ச் பந்தின் (டிரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் அமர வேண்டும். அது 135 கிலோ. இதைப் பலரும் இழுக்கும் எடையில் சேர்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அது வண்டி தூக்கும் எடை. பந்து பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல் பேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இடைத்தூரம்) 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 135 கிலோ பின் ஆக்சிலில் 189 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலிலிருந்து 54 கிலோவைத் தூக்கிவிடும். சேற்றுச் சரிவில் முன் சக்கரம் இலேசானால் ஸ்டியரிங்கும் பிடிக்காது, முன் சக்கர இழுவையும் குறையும்.

டபுள் கேபின் பிக்கப்புகள் பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டித்தான் தூக்கும். மூன்று பேர் ஏறினால் 225 கிலோ, ஆட்டுக்கு இரும்புக் கூண்டு போட்டால் நூறு, பந்தில் 135. மிச்சம் 540 கிலோதான். அதுபோக டபுள் கேபினில் பின்பெட்டி குட்டை. சுமையில் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்கு மேலேயும் பின்னேயும்தான் உட்காரும். சிங்கிள் கேபினில் பெட்டி நீளம். கனமானதைக் கேபினை ஒட்டி வைத்து இரண்டு ஆக்சிலுக்கும் பங்கு போடலாம். உங்கள் வேலைக்கு மூன்றாவது வண்டியின் உடல்வாகுதான் சரி. சேஸும் இன்ஜினும் நன்றாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். உங்கள் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. விளம்பரத்தில் போடும் 2.5 டன், 3.5 டன் இழுவை எல்லாம் பிரேக் உள்ள டிரெய்லருக்குச் சொல்வது. பிரேக் இல்லாததற்குப் பல நாடுகளில் 750 கிலோதான் உச்சம். உங்களுடையது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஃபோர் வீல் உங்களை மேலே ஏற்றிவிடும். இறங்கும்போது 1,350 கிலோ பின்னாலிருந்து தள்ளும். ஈரக் களிமண்ணில் வண்டிக்கு மட்டும் பிரேக் போட்டால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி வந்து கேபினிலேயே இடிக்கும். எந்த வண்டியை எடுத்தாலும் பட்ஜெட்டில் டிரெய்லர் பிரேக்குக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் அரைத் தொட்டியோடு சரிவில் ஓட்டாதீர்கள். தண்ணீர் அலைந்து, பந்தின் மேல் இருக்கும் எடை நொடிக்கு நொடி மாறும்.

லோ கியர்:

மேலே எடைக்கல் அண்ணன் சொன்ன எடைக் கணக்கோட ஃபோர் வீல் சோதனையையும் சேத்துக்குங்க. டாஷ்போர்டுல 4டபிள்யூடி விளக்கு எரிஞ்சா ஃபோர் வீல் வேலை செய்யுதுன்னு நம்பிடாதீங்க. பல வண்டில அது லீவரோ சுவிட்சோ நகர்ந்ததைத்தான் காட்டும்.

சரியான சோதனை இது. சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைச்சுடுங்க. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்குங்க. யாரும் அடியில போக வேண்டாம். டூ வீல்ல இருக்கும்போது கையால சுத்தினா சக்கரம் சுத்தணும். பிறகு ஃபோர் வீல்ல போட்டு, முன் சக்கரத்தை ஆக்சிலோட பூட்டுற ஹப் லாக் இருந்தா பூட்டிட்டு, மறுபடி சுத்திப் பாருங்க. கொஞ்சம் ஆடி நின்னுடணும். அப்பவும் தாராளமா சுத்துச்சுன்னா ஹப்போ, முன் ஆக்சிலை இணைக்கிற ஆக்சுவேட்டரோ, டிரான்ஸ்பர் கேஸோ, எங்கேயோ இணைப்பு இல்லை. சுவிட்ச் வச்ச வண்டின்னா, மாத்தின உடனே இணையாது. மண் தரையில கொஞ்சம் உருட்டி நிறுத்திட்டு, அப்புறம் தூக்கிப் பாருங்க.

அடுத்தது 4எல், அதாவது லோ ரேஞ்ச் ஃபோர் வீல். உங்க சரிவுக்கு அதுதான் உயிர். லோ ரேஞ்ச்ல டிரான்ஸ்பர் கேஸ் சுமார் இரண்டரை மடங்கு வேகத்தைக் குறைச்சு, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டும். இறங்கும்போது இன்ஜினோட பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் போகும், அதனால பிரேக்கை அதிகம் தொட வேண்டியிருக்காது. ஈர மண்லயோ புல்லுலயோ போட்டு ஓட்டிப் பாருங்க. லோட் ஏறும்போது லீவர் தானா வெளியே வந்தா அந்த டிரான்ஸ்பர் கேஸ் பிரிக்க வேண்டிய நிலையில இருக்கு. காஞ்ச தார் ரோட்டுல, கான்கிரீட்ல 4எச் (சாதாரண வேக ஃபோர் வீல்) போட்டு வளைக்க வேண்டாம். முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வெவ்வேறு வேகத்துல சுத்த விடுற நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டில முன்னும் பின்னும் ஒரே வேகத்துல சுத்தும். வளைவுல முன் சக்கரம் போற தூரமோ அதிகம். ஷாஃப்ட் முறுக்கிக்கும். மிட்சுபிஷியோட சூப்பர் செலக்ட் மாதிரி நடு டிஃபரன்ஷியல் உள்ளதுக்கு மட்டும் இதுல விலக்கு.

இதனாலதான் வண்டி 2 எனக்குப் பிடிக்கலை. முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு டயர் போட்டு ஃபோர் வீல்ல ஓட்டியிருந்தா, நேர் ரோட்டுலகூட ஷாஃப்ட் முறுக்கும். ஃபோர் வீலே போடாம ஓட்டியிருந்தா, ஏன் போடலைன்னு கேக்கணும்.

ஆட்டோமேட்டிக்கை ஒதுக்க வேண்டாம்னும் சொல்லிடறேன். சுமையோட மேட்டுல நிறுத்தி எடுக்கறதுக்கு அது நல்லது, கிளட்ச் கருகாது. ஆனா டிரெய்லர் இழுத்தா அதோட ஆயில் சூடேறும். தனி ஆயில் கூலர் இருக்கணும், ஆயில் கருகின வாசனை வரக்கூடாது.

பழைய ஸ்பேனர்:

வால்வுகளைச் சரியான நேரத்துல இயக்குற டைமிங் பெல்ட், செயின் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். பேர் சொல்ல வேண்டாம்னாலும் இன்ஜினைச் சொல்லித்தான் ஆகணும். மிட்சுபிஷி 4டி56 இன்ஜின்ல இரண்டு பெல்ட், ஒண்ணு டைமிங்குக்கு, ஒண்ணு அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. சின்னது அறுந்து பெரியதுல சிக்கினா வால்வு போயிடும். இரண்டையும் சேத்துத்தான் மாத்தணும். டொயோட்டா 1கேடியும் பெல்ட்தான். மீட்டர்ல வர்ற பெல்ட் விளக்கைப் பெல்ட் மாத்தாமலே அணைச்சுடலாம், அதனால பில் கேளுங்க. இசுசு 4ஜேஜே1 செயின். மாத்தின பில் இல்லாத பெல்ட் வண்டியை எடுத்தா, முதல் வேலையா பெல்ட்டை மாத்துற செலவையும் விலையோட கூட்டிக்குங்க.

மேட்டுநிலம்:

மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் யாரும் சொல்லாவிட்டால் வண்டி 1-க்கு முன்பணம் கொடுத்திருப்பேன்.

வண்டி 1: பின் ஆக்சிலுக்கு மேலே சுத்தியல் சத்தம் மந்தம். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் வெல்டிங் தகடு தெரிந்தது. இதை விட்டாயிற்று.

வண்டி 2: நேரத்துக்கு முன்பே போயும் இன்ஜின் சூடாக இருந்தது. ஃபோர் வீல் விளக்கு எரிகிறது. மண்ணில் உருட்டிவிட்டு ஜாக்கியில் தூக்கினால் முன் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது.

வண்டி 3: சேஸில் மேல் துரு மட்டும். ஆறிய இன்ஜின் உடனே பிடித்தது, புகை இல்லை. ஜாக்கி சோதனையில் தேறியது, 4எல் லீவர் நழுவவில்லை. செயின் இன்ஜின். குறைகளும் இருக்கின்றன. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருக்கிறது. மேட்டில் நாலாவது கியரில் மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்கவில்லை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு. எடுக்கலாமா?

பழைய ஸ்பேனர்:

தாராளமா எடுங்க. நீங்க சொன்ன மூணும் செலவு தெரிஞ்ச குறைகள். கிளட்ச் நழுவுது, கசிவு பின் ஆயில் சீல்லேருந்து வரும். கியர் பாக்ஸை ஒரே தடவை இறக்கி கிளட்ச் ப்ளேட், பிரஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங், பின் சீல் எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க. ஃப்ளைவீல் முகத்தைக் கடைசல்ல கொடுத்துச் சீர் பண்ணுங்க. ஸ்பிரிங்கை ஒரு பக்கம் மட்டும் சரி பண்ணினா வண்டி சாயும், இரண்டு பக்கமும் பாக்கணும். இந்தச் செலவுக்கு மெக்கானிக்கிட்ட எழுதி வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைங்க.

வண்டி கைக்கு வந்ததும் இன்ஜின் ஆயிலோட நிறுத்தாம கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் பின் ஆக்சில் நடுவுல இருக்கிற கிரவுன் ஹவுசிங் எல்லாத்திலயும் ஆயிலை இறக்குங்க. பால் கலந்த டீ மாதிரி வந்தா தண்ணி போயிருக்கு, அந்தச் சீலையும், காத்து போய்வர்ற பிரீதரையும் பாக்கணும்.

எடைக்கல்:

நல்ல தேர்வு. விலையில் குறைத்து வாங்கும் பணத்தை டிரெய்லர் பிரேக்குக்குத் திருப்பிவிடுங்கள். ஓவர்ரன் பிரேக் (டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிப்பது) என்றால், ரிவர்ஸில் சரிவில் தள்ளும்போது அது பிடித்துக்கொள்ளாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வகையில் கையால் பூட்டிவிட வேண்டியிருக்கும். பொருத்திய பிறகு முதலில் வெறும் டிரெய்லரோடு சரிவில் 4எல் இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள். அது சரியாக வந்தால் தொட்டியை முழுதாக நிரப்பி, காய்ந்த நாளில் ஒரு தடவை. மழை நாளில் இறங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேட்டுநிலம்:

அப்படியே செய்கிறேன் அண்ணே. மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு நாளைக் காலையில் வண்டி 3-ஐப் பார்க்கப் போகிறேன். பிரேக் பொருத்துகிறவரிடமும் பேசியாயிற்று. அது முடியும்வரை தண்ணீர் டிராக்டரில்தான் போகும்.