நாலு நாள் தூக்கம் போனால் யாரும் செத்துவிட மாட்டார்களாம்!

குரோம்பேட்டை வாசி: தண்டவாள வேலை ராத்திரி நடப்பதால் யாருக்கும் பாதிப்பு இல்லை, நாலு நாள் தூக்கம் போனால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று நேற்று இங்கே ஒரு மகான் எழுதியிருந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து நாற்பதடியில் தண்டவாளம். ஒரு மணிக்கு ஜல்லியைக் கெட்டிப்படுத்த டாம்பிங் மெஷின் வந்தால் கட்டிலே ஆடுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. நான் அளந்தேன், 83.

கேங்மேன் மகன்: எதில் அளந்தீர்கள்?

குரோம்பேட்டை வாசி: போனில்தான்.

கேங்மேன் மகன்: அப்படிச் சொல்லுங்கள். போன் ஆப்பில் என் மாமியார் இருமினாலே 80 காட்டும். அந்த மகான் நான்தான், இன்னும் அதையேதான் சொல்கிறேன். கடைசி மின்சார ரயில் போக நள்ளிரவாகும், நாலு மணி வாக்கில் முதல் வண்டி. அந்த இடைவெளிக்குள் மேலே ஓடும் 25,000 வோல்ட்டை நிறுத்தி, பழைய தண்டவாளத்தை அறுத்து, புதுசை வைத்து வெல்டிங் போட்டு முடிக்க வேண்டும். பகலில் ரயில்களை நிறுத்தி பிளாக் எடுத்தால் ஆபீஸ் போக முடியவில்லை என்று முதலில் கத்துவதும் நீங்கள்தான். பீச் - தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, உங்கள் அபார்ட்மென்ட் எப்போது முளைத்தது?

சிட்லபாக்கம் அக்கா: தம்பி, யார் முதலில் வந்தார்கள் என்பதா பேச்சு? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் 2010-ல் சேர்த்ததைப் படியுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரத்தை இயக்கவே கூடாது. டெசிபல் கணக்கே வேண்டாம்.

கேங்மேன் மகன்: தண்டவாளம் குடியிருப்புப் பகுதியா அக்கா? அப்போ அங்கேயே பாய் விரித்துப் படுங்கள். முதலில் அந்த 83-க்கு அண்ணன் பதில் சொல்லட்டும்.

குரோம்பேட்டை வாசி: சரி, 75 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 45 இல்லையே!

கேங்மேன் மகன்: ஒரே மூச்சில் எட்டு குறைந்துவிட்டது. மீன் சந்தையா இது?

பல்லாவரத்தான்: என்றைக்கு வேலை என்று முன்கூட்டியே ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதுமே, கைக்குழந்தை உள்ளவர்கள் அன்றைக்கு வேறு வீட்டுக்காவது போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

கேங்மேன் மகன்: எங்கப்பா மெஷின் வராத காலத்தில் பீட்டர் கம்பியால் ஜல்லியை அடித்தவர். அவர் தூக்கத்துக்கு எவன் நோட்டீஸ் ஒட்டினான்?

சிட்லபாக்கம் அக்கா: ஆரம்பிச்சாச்சு! போன மாதம் ரயில்வே கேட் சண்டையிலும் இதே அப்பா கதைதான்.

கேங்மேன் மகன்: கேட்டுக்குக் கீழே குனிந்து ஸ்கூட்டியைத் தள்ளியதை நீங்களே எழுதினீர்களே, அன்றைக்கு விதி எங்கே போச்சு? அதை விடுங்கள். 83-க்கு ஸ்கிரீன்ஷாட் எங்கே?

குரோம்பேட்டை வாசி: இதோ போட்டிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

கேங்மேன் மகன்: பார்த்தேன். நேரம் 1:10 என்று இருக்கிறது. பகலா, ராத்திரியா?