ஏசா விற்றது பசியாலா, அலட்சியத்தாலா?

சண்டே ஸ்கூல் அக்கா:

போன ஞாயிறு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் எடுத்தேன். வேட்டைக்குப் போய்க் களைத்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சிய பயற்றங்கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்கு உரிய பாத்தியத்தை, விற்றுப்போட்ட கதை. வழக்கம்போல "ஒருவேளைச் சாப்பாட்டுக்காக நிலையானதை விட்டுவிடாதீர்கள்" என்றேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி போன் பார்ப்பது, திருவிழாக் காசை ஒரே நாளில் கரைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்த உதாரணங்களும் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் இருந்த பையன் கையைத் தூக்கினான். "அக்கா, பசிச்சா என்ன செய்ய? அண்ணன் பசின்னு வந்தா தம்பி சும்மா கொடுக்க வேண்டாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். அந்தப் பையன் பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல்தான் வருவான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மளிகைக்கடை அண்ணாச்சி:

தங்கச்சி, பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக வசனத்தை விட்டுவிட்டுப் பரிதாபத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஏசா வழியில்லாமல் பட்டினி கிடந்தவன் இல்லை. ஆபிரகாம் தனக்கு உண்டான எல்லாவற்றையும் ஈசாக்குக்குக் கொடுத்தான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஈசாக்கின் மூத்த மகன் இவன். கூடாரத்துக்குள் போய்க் கேட்டால் அம்மா ஏதாவது கொடுத்திருக்க மாட்டாளா? "இதோ, நான் சாகப்போகிறேனே" என்றது வயிறு பேசிய பேச்சு.

34ஆம் வசனத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். "அவன் புசித்துக் குடித்து, எழுந்திருந்து போய்விட்டான்." சாப்பிட்டான், குடித்தான், எழுந்தான், போனான். நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. உண்மையிலேயே பசிக்கொடுமையால் விற்றவன் என்றால் வயிறு நிறைந்ததும் "ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்" என்று தலையில் கை வைத்திருப்பான். வேதம் அவன் பசித்திருந்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. அலட்சியம்பண்ணினான் என்றுதான் சொல்கிறது.

எனக்கு இது வெறும் பாடம் இல்லை. என் கடையில் ஒரு காலத்தில் புகையிலைப் பாக்கு சரம் சரமாகத் தொங்கும். காலையில் கதவைத் திறந்ததும் வேலைக்குப் போகிறவர்கள் வந்து கிழித்துக்கொண்டு போவார்கள். அன்றாடக் கைக்காசு அதில்தான். 2013ல் அரசாங்கம் தடை போட்ட பிறகும் மறைத்து விற்றால் இரண்டு மடங்கு லாபம் என்று சரக்கு போடுகிறவர் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன். பாக்கு வாங்க வருகிறவன்தான் டீத்தூளும் சோப்பும் வாங்குவான். அந்த வியாபாரமும் போயிற்று. இரண்டு வருஷம் கடை வாடகைக்குத் திண்டாடினேன். "எனக்கும் பசி" என்று நானும் சொல்லியிருக்கலாம்.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

அண்ணாச்சி, பாக்கை நிறுத்தியதற்கு உங்களை மதிக்கிறேன். வாய்ப்புற்று வந்தவர்களின் கட்டுப் பிரிக்கிறவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் விட்டது உங்கள் லாபத்தை, உங்கள் சொந்த முடிவால். பையன் கேட்டது வேறு. சட்டியில் கூழ் கொதிக்கிறது, கரண்டி தம்பி கையில் இருக்கிறது. களைத்து வந்த அண்ணனிடம் "முதலில் ஆணையிடு" என்கிறான். நாம் ஏசாவைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறோம். யாக்கோபு கேட்ட விலையைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்?

என் கதையையும் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு, வேதாகமக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று ஐந்து வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, உடனே ஆபரேஷன் என்றார்கள். அப்போது நாங்கள் இருந்த சபையில் உதவி நிதி உண்டு. மனு கொடுத்தேன். "அடுத்த கமிட்டியில் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கமிட்டி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை, தரவும் இல்லை. நான் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டினேன். அம்மா பிழைத்தாள். அதே கமிட்டியில் இருந்த ஒரு மூப்பர் கோயில் வாசலில் வைத்து, "ஊழியத்துக்கென்று வைத்ததை உலகத்துக்குச் செலவழித்துவிட்டாயே, காத்திருந்திருக்கலாமே" என்றார்.

அன்றைக்கு ராத்திரி, புதிய ஏற்பாட்டில் வேறொரு யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை வாசித்து வாசித்து அழுதேன். "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்கிறவர்களைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது. காத்திரு என்று சொல்வது சுலபம், அண்ணாச்சி. சொல்கிறவர் வீட்டில் பெரும்பாலும் சோறு இருக்கும்.

மளிகைக்கடை அண்ணாச்சி:

சிஸ்டர், உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அம்மாவுக்குச் செலவழித்ததை நான் ஏசாவின் கணக்கில் எழுத மாட்டேன்.

ஆனால் அந்த அநியாயத்தை வைத்து, காத்திருக்கச் சொல்வதே தவறு என்று போய்விடக் கூடாது. நம் ஆண்டவர் நாற்பது நாள் உபவாசமிருந்து பசியோடு நின்றார். கல்லை அப்பமாக்கு என்றான் சோதனைக்காரன். "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல" என்றுதானே பதில் வந்தது?

இரவு ஷிப்ட் நர்ஸ்:

தமக்காகக் கல்லை அப்பமாக்காதவர், ஐயாயிரம் பேர் பசித்தபோது "நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்" என்றார். சீஷர்கள் ஊருக்குள் அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தார்கள். தம் பசியை ஒரு மாதிரியும் பிறர் பசியை வேறு மாதிரியும் அவர் பார்த்தார். நாம் அதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

கணக்கு வாத்தியார்:

இருவரும் பேசுவதில் எனக்கு ஒன்று படுகிறது. காத்திருப்பதை நாம் மன உறுதி என்று நினைக்கிறோம். அதைவிட அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட காரியம்.

ஒரு மிட்டாயைச் சிறுபிள்ளை முன் வைத்து, "நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற சோதனை பலருக்குத் தெரியும். அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். 2013ல் கட்டுரையாக வந்தது. 28 பிள்ளைகள். மிட்டாய்க்கு முன்பு படம் வரையப் பழைய கிரேயானைக் கொடுத்து, "பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "மன்னிக்கணும், இல்லை" என்றார்கள். ஸ்டிக்கரை வைத்தும் இன்னொரு தடவை அப்படியே. அப்புறம்தான் மிட்டாய். சொன்னபடி கொண்டுவரப் பெற்ற கூட்டம் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தது. ஏமாந்த கூட்டம் மூன்று நிமிஷம். கடைசி வரை, அதாவது பதினைந்து நிமிஷம், தாக்குப்பிடித்தவர்கள் முதல் கூட்டத்தில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒரு பிள்ளை.

மூன்று நிமிஷத்தில் தின்ற பிள்ளையை ஏசா என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. அது கண்ட அனுபவம் அப்படி. நர்ஸம்மா விஷயத்தில் கமிட்டி செய்ததும் அதுதான். இரண்டு தடவை வெறுங்கையோடு வந்துவிட்டு, மூன்றாவது தடவை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சி:

சார், அந்தச் சோதனையை ஏசாவுக்குப் பொருத்த முடியாது. நீங்கள் கணக்கு வாத்தியார், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆபிரகாமுக்கு 100 வயதில் ஈசாக்கு. ஈசாக்குக்கு 60 வயதில் இரட்டைப் பிள்ளைகள். ஆபிரகாம் இறந்தது 175ல். அப்படியென்றால் ஏசாவுக்குப் பதினைந்து வயது ஆகும்வரை தாத்தா உயிரோடு இருந்திருக்கிறார். 75 வயதில் வாக்குத்தத்தம் பெற்று இருபத்தைந்து வருஷம் கழித்துப் பிள்ளையைக் கையில் வாங்கின மனிதர் அதே குடும்பத்தில் இருந்திருக்கிறார். தேவன் வெறுங்கையோடு வரமாட்டார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையும் ஒரு கிண்ணம் கூழுக்கு விட்டான் என்பதுதான் எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் "ஒருவேளைப் போஜனத்துக்காக" என்று அவ்வளவு கடுமையாக வருகிறது.

கணக்கு வாத்தியார்:

கணக்கு சரிதான். இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

தாத்தாவைப் பார்த்த கண் அப்பாவையும் பார்த்திருக்கும், அண்ணாச்சி. 28ஆம் வசனம் என்ன சொல்கிறது? ஏசா கொண்டுவந்த வேட்டை வாய்க்கு ருசியாக இருந்ததால் ஈசாக்கு அவன்மேல் பட்சமாக இருந்தான். ருசியைப் பார்த்து அன்பு வைத்த வீட்டில் வளர்ந்த பையன் அவன். அம்மாவுக்கோ தம்பிதான் செல்லம். கூடாரத்துக்குள் போய்க் கேட்டிருக்கலாம் என்றீர்கள். கேட்கத் தோன்றாமல் போனதற்கும் ஒரு காரணம் இருக்கலாம் அல்லவா?

ஏசா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவன் விட்டது பெரிய காரியம். ஆனால் 33ஆம் அதிகாரத்தில், பிற்பாடு அப்பாவின் ஆசீர்வாதத்தையும் ஏமாற்றி வாங்கிவிட்டு ஓடிப்போன தம்பி இருபது வருஷம் கழித்துப் பயந்து நடுங்கி வரும்போது, எதிர்கொண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுகிறவன் இதே ஏசா. தம்பி கொடுத்த ஆடுமாடுகளைப் பார்த்து, "எனக்குப் போதுமானது இருக்கிறது, என் சகோதரனே" என்கிறான். பிள்ளைகளுக்கு அந்த அதிகாரத்தையும் சேர்த்துச் சொல்லலாம் அக்கா.

சண்டே ஸ்கூல் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை வகுப்புக்கு முன்னால் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பயறு அவித்துக்கொண்டு போனேன். பாடத்துக்கு முன்பே எல்லாருக்கும் தொன்னையில் கொடுத்தேன். அப்புறம், "நீ கேட்டது சரி, தம்பி சும்மா கொடுத்திருக்க வேண்டும்" என்று அவனிடம் சொன்னேன். அதன் பிறகே ஏசா பக்கம் வந்தேன். வாங்கினது எது, விட்டது எது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இந்தத் தடவை அந்தப் பையன் கடைசி வரை கேட்டான். கேட்டுவிட்டு, "தாத்தா பேச்சை அவன் கேட்டிருக்கலாம், அக்கா" என்றான்.

மளிகைக்கடை அண்ணாச்சி:

ஏசாவைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் நர்ஸ் சிஸ்டர் எழுதியதை வாசித்த பிறகு ஒரு காரியம் செய்தேன். எங்கள் சேகரத்தில், அதாவது அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்த அமைப்பில், உதவி நிதிக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். நேற்று ஆபீஸில் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். ஈஸ்டருக்கு முன்னால் வந்த இரண்டு மனு இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒன்று டயாலிசிஸ், ஒன்று பிள்ளையின் காலேஜ் பீஸ். இரண்டிலும் "அடுத்த கூட்டத்தில் பார்க்க" என்று எழுதியிருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. வியாழக்கிழமை கமிட்டி. அன்றைக்கே எடுத்துப் பேசுகிறேன்.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

டயாலிசிஸ் மனுவை முதலில் எடுங்கள், அண்ணாச்சி. முடிவு எதுவானாலும் வியாழன் ராத்திரியே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.