சைக்கிளுக்கு எடை குறைந்த, பளிச்சென்று தெரியும் மேலாடை: எதை வாங்கலாம்?

காலைமிதி:
வணக்கம். வேலைக்கு சைக்கிளில்தான் போய் வருகிறேன். கிளம்பும்போது இருட்டு, திரும்பும்போது சாயங்கால வெளிச்சம். சாலை வேலை செய்பவர்கள் போடும் மஞ்சள் வெஸ்ட் ஒன்று இருக்கிறது. கெட்டித் துணி, காற்றே நுழையாது. கொஞ்ச தூரம் மிதித்தாலே முதுகு நனைந்துவிடும். முதுகில் பையை மாட்டினால் வெஸ்ட்டில் பாதி மறைந்தும் விடுகிறது. கறுப்பு நிறத்தில், வெளிச்சம் பட்டால் முழுக்க மின்னும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று பார்த்தேன். இரண்டு நேரத்துக்கும் அது ஒன்றே போதுமா?

சங்கிலிஎண்ணெய்:
போதாது நண்பரே. மின்னும் துணி வேறு, ஃப்ளோரசன்ட் நிறம் வேறு. ஃப்ளோரசன்ட் சாயம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. மேகமூட்டத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் அது எடுப்பாகத் தெரிவது அதனால்தான். இருட்டிவிட்டால் தெருவிளக்கடியில் அது வெறும் மஞ்சள் துணி.

ரிஃப்ளெக்டிவ் துணி அதற்கு நேர்மாறு. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கடையிலேயே சோதிக்கலாம்: மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், துணி பளீரென்று எரியும். அதே டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மினுக்கம் செத்துவிடும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுநருக்குத்தான் அது தெரியும். சாயங்காலம் உங்கள் ஜாக்கெட் கறுப்பு ஜாக்கெட்தான்.

ரெண்டுசக்கரம்:
மேலே சொன்னது சரி. ஆனால் எல்லோரும் சட்டையையே பார்க்கிறீர்கள், காலை மறந்துவிட்டீர்கள்! ஆஸ்திரேலியாவில் இரவில், மூடிய சாலையில் ஒரு சோதனை நடத்தினார்கள். கறுப்பு உடை போட்ட சைக்கிள்காரரை ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 2 சதவீதம், ஃப்ளோரசன்ட் வெஸ்ட் மட்டும் என்றால் 15, ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட்டுக்கு 50. அதோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90. மிதிக்கும்போது பட்டை மேலும் கீழும் போய்வருவதால், அங்கே ஒரு ஆள் சைக்கிள் ஓட்டுகிறார் என்று மூளை சட்டென்று பிடித்துக்கொள்கிறது. கணுக்கால் பட்டைக்கு எடையும் இல்லை, வியர்வையும் இல்லை, பை மறைக்கவும் மறைக்காது.

சங்கிலிஎண்ணெய்:
அருமையான விஷயம். அப்புறம் மேலாடைக்கு என் யோசனை: சட்டைக்கு மேல் இன்னொன்றைப் போடுவதை விட்டுவிட்டு, வியர்வை சீக்கிரம் உலரும் ஃப்ளோரசன்ட் டி-ஷர்ட்டாகவே வாங்கிவிடுங்கள். ஆபீஸ் போய் மாற்றிக்கொள்ளலாம். பைக்கு அதே நிறத்தில் மழை உறை போட்டுவிட்டால் பின்பக்கக் கவலையும் தீர்ந்தது. வலைத்துணி வெஸ்ட் காற்றோட்டமானதுதான், ஆனால் துளை பெரிதாக இருந்தால் உள்ளே போட்ட கருஞ்சட்டை தெரிந்து மொத்தமும் மங்கிவிடும்.

காலைமிதி:
ரொம்ப நன்றி. டி-ஷர்ட், பை உறை, கணுக்கால் பட்டை என்று முடிவு செய்துவிட்டேன். மஞ்சளா ஆரஞ்சா? என் வழி முழுக்க மரமும் புதருமாக இருக்கும்.

ரெண்டுசக்கரம்:
அப்படியானால் ஆரஞ்சு. மஞ்சள்-பச்சை வெயில் பட்ட இலையோடு கலந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே ஓட்டுபவர்களுக்கு மஞ்சள்தான் நல்லது, சிவப்பு-பச்சை நிறக்குறை உள்ள ஓட்டுநர்களுக்கும் அது சுலபமாகத் தெரியும்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கியும் பிளீச்சும் வேண்டாம், பட்டையின் மினுக்கம் போய்விடும். நிழலில் காயப்போடுங்கள், ஃப்ளோரசன்ட் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

சங்கிலிஎண்ணெய்:
இதெல்லாம் வாங்கினாலும் முன்விளக்கு, பின்விளக்கை விட்டுவிடாதீர்கள். சந்தில் பக்கவாட்டில் வரும் வண்டியின் ஹெட்லைட், அவர் திரும்பும் வரை உங்கள் மேல் படவே படாது.

காலைமிதி:
விளக்கு இரண்டும் இருக்கிறது. பின்விளக்கைத்தான் பை உறை மறைக்காத மாதிரி சீட்டுக்குக் கீழே இறக்கி மாட்ட வேண்டும்.